கண் ஆபரேஷனுக்குப் பிறகான சொட்டு மருந்து: எது என்பதைவிட எப்படி, எத்தனை நாள்

கண்புரை ஆபரேஷன் முடிந்தவர்களும் அவர்களுடைய வீட்டாரும் அதிகம் கேட்கும் கேள்வி, "இருப்பதிலேயே நல்ல சொட்டு எது?" என்பதுதான். கீட்டோரோலாக், நெபாஃபெனாக், புரோம்ஃபெனாக், டைக்ளோஃபெனாக், பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், லோட்டிபிரெட்னால் என்று பெயர்கள் நீள்கின்றன. ஆராய்ச்சிகளை வரிசையாக வாசித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சிக்கலில்லாமல் முடிந்த ஆபரேஷனில் இந்த மருந்துகளுக்குள் இருக்கும் வேறுபாடு சிறியது. சொட்டு கண்ணுக்குள் விழுந்ததா, எத்தனை நாள் போட்டார்கள், எப்போது நிறுத்தினார்கள், அது யாருடைய கண் என்பவற்றால் வரும் வேறுபாடு அதைவிடப் பெரியது. கீழே வரும் மருந்தளவுகளும் நாள் கணக்கும் விஷயத்தைப் புரிந்துகொள்வதற்காக. உங்கள் மருத்துவர் எழுதித் தந்த அட்டவணைதான் உங்களுக்கானது.

வெட்டுப்பட்ட கண்ணுக்குள் என்ன நடக்கிறது

இன்றைய கண்புரை ஆபரேஷனில் கருவிழியின் (கண்ணின் முன்புறத்தை மூடும் தெளிந்த திசு, கார்னியா) ஓரத்தில் போடும் வெட்டு 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். ஆனாலும் உள்ளே அல்ட்ராசவுண்ட் முனை லென்ஸை உடைத்து உறிஞ்சும்போது கண்மணியைச் சூழ்ந்த நிற வளையமான ஐரிஸும் அதன் பின்னால் உள்ள சிலியரி திசுவும் அதிர்கின்றன, சில சமயம் உரசப்படுகின்றன. காயம்பட்ட செல்களின் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் விடுபடுகிறது. காக்ஸ் என்ற நொதி அதை, அழற்சியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின்களாக மாற்றுகிறது. மீதியெல்லாம் அங்கிருந்து தொடங்குகிறது.

இயல்பான கண்ணில் கருவிழிக்குப் பின்னால் இருக்கும் முன்னறைத் திரவம் சுமார் 250 மைக்ரோலிட்டர். நிமிடத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் வரை புதிதாகச் சுரந்து, ஏறத்தாழ 100 நிமிடத்தில் முழுவதும் மாறிவிடும். அதில் புரதம் மிகக் குறைவு என்பதால் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். புராஸ்டாகிளாண்டின் சேர்ந்ததும் ரத்தக் குழாய்களின் தடுப்பு தளர்ந்து, புரதமும் வெள்ளை அணுக்களும் திரவத்தில் கசிகின்றன. அதே புராஸ்டாகிளாண்டின் வலி நரம்புகளைக் கூர்மையாக்கி, வெளிச்சம் பட்டாலே கூசும்படி செய்கிறது. ஆபரேஷன் நடக்கும்போதே கண்மணியைச் சுருக்கி மருத்துவரின் வேலையைக் கடினமாக்குகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், அது பின்பக்கம் பரவி, விழித்திரையின் நடுவில் கூர்மையான பார்வை தரும் மாக்குலாவின் குழாய்களையும் கசியவைக்க முடியும். அந்த வீக்கத்தை 1953-இல் இர்வின் விவரித்தார். 1966-இல் காஸும் நார்ட்டனும் சாய ஆஞ்சியோகிராம் மூலம் கசிவைக் காட்டினார்கள். இர்வின்-காஸ் நோய்க்குறி என்ற பெயர் அப்படி வந்தது.

இந்தச் சங்கிலியை இரண்டு இடங்களில் அறுக்கலாம். ஸ்டீராய்டு மேலே, அராக்கிடோனிக் அமிலம் விடுபடும் இடத்திலேயே தடுக்கிறது. அதனால் புராஸ்டாகிளாண்டினோடு, லூக்கோட்ரயீன் என்ற வேறு அழற்சிப் பொருள்களும் குறைகின்றன, வெள்ளை அணுக்கள் வந்து குவிவதும் குறைகிறது. ஆனால் பெரும்பகுதி மரபணுக்களின் வழியாக நடக்கும் வேலை என்பதால் பலன் தெரியச் சில மணி நேரமாகும். மருத்துவர்கள் என்செய்டு என்று சுருக்கிச் சொல்லும் ஸ்டீராய்டு அல்லாத அழற்சி மருந்துகள் கீழே, காக்ஸ் நொதியை நேராக அடைக்கின்றன. 1971-இல் ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் காட்டினார், 1982-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். என்செய்டு வலியை விரைவாகத் தணிக்கும். ஸ்டீராய்டு அழற்சியை அகலமாக அடக்கும். பல மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு நுணுக்கம். காக்ஸை அடைத்தால் புதிய புராஸ்டாகிளாண்டின் உருவாகாது, ஏற்கெனவே உருவானது அப்படியேதான் இருக்கும். ஆகவே மருந்து வெட்டுக்கு முன்பே திசுவில் காத்திருக்க வேண்டும். பல என்செய்டு சொட்டுகளை ஆபரேஷனுக்கு முந்தின நாளே தொடங்கச் சொல்வது அதனால்தான். "இன்னும் ஆபரேஷனே ஆகலையே, எதற்கு மருந்து?" என்று அந்த முதல் நாளைத் தவறவிடுவது மருந்தின் பலனில் ஒரு பங்கை வீணாக்குவது.

மருந்துகள் வந்த வரிசை

ஜப்பானில் கென்சாகு மியாகே 1977-இல் இண்டோமெத்தசின் என்ற என்செய்டு சொட்டு மாக்குலா வீக்கத்தைத் தடுக்கிறது என்று வெளியிட்டார். பின்னால் வந்த ஆராய்ச்சிக்கெல்லாம் அது ஒரு வேர். அமெரிக்காவில் 1986-இல் அனுமதி பெற்ற ஃப்ளர்பிபுரோஃபென் 0.03% வலிக்காக வந்ததல்ல, ஆபரேஷனின்போது கண்மணி சுருங்காமல் காக்க வந்தது. 1991-இல் டைக்ளோஃபெனாக் 0.1%, 1992-இல் ஒவ்வாமைக்காகக் கீட்டோரோலாக் 0.5%, 2005-இல் நெபாஃபெனாக் 0.1%, அதே ஆண்டு புரோம்ஃபெனாக் 0.09%. புரோம்ஃபெனாக் ஜப்பானில் 2000-த்திலேயே வந்துவிட்டது.

பின்னால் வந்தவற்றில் இரண்டு சுவாரசியமானவை. நெபாஃபெனாக் பாட்டிலில் இருக்கும்போது முழு மருந்தல்ல. மின்னேற்றம் இல்லாத அந்த மூலக்கூறு கருவிழியை எளிதில் ஊடுருவி, கண்ணின் திசுக்களில் இருக்கும் நொதிகளால் ஆம்ஃபெனாக் என்ற செயல்படும் மருந்தாக மாறுகிறது. புரோம்ஃபெனாக் என்பது அதே ஆம்ஃபெனாக்கில் ஒரு புரோமின் அணுவைச் சேர்த்தது. அந்த ஓர் அணு மூலக்கூறுக்குக் கொழுப்பில் கரையும் தன்மையைக் கூட்டுகிறது. கருவிழியின் மேல்தோல் கொழுப்பு விரும்பி, நடு அடுக்கு நீர் விரும்பி. இரண்டையும் கடப்பதுதான் எந்தக் கண் சொட்டுக்கும் உள்ள முதல் தேர்வு. இந்த மாற்றங்களின் நடைமுறைப் பயன், ஒரு நாளைக்கு நான்கு முறை போட வேண்டியிருந்த சொட்டு இரண்டாகி, 0.3% நெபாஃபெனாக்கும் 0.07% புரோம்ஃபெனாக்கும் வந்தபின் ஒரு முறையாகச் சுருங்கியது. மருந்தின் வீரியத்தைவிட இந்தச் சுருக்கத்தையே நான் பெரிய முன்னேற்றமாக மதிக்கிறேன்.

ஸ்டீராய்டு பக்கம், பிரெட்னிசோலோன் அசிட்டேட் 1%, டெக்ஸாமெத்தசோன் 0.1% இரண்டும் பழையவை, இன்றும் உழைப்பவை. 2008-இல் டைஃப்ளுபிரெட்னேட் 0.05% வந்தது, வலுவானது. லோட்டிபிரெட்னால் வேலை முடிந்ததும் எஸ்டர் பிணைப்பு உடைந்து செயலிழக்கும்படி வடிவமைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் அமெரிக்கா குளோபெட்டசால் 0.05% சொட்டுக்கு, நாளுக்கு இரண்டு முறை 14 நாள் என்று அனுமதி கொடுத்தது.

ஆய்வு எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை

இந்த மருந்துகளின் அனுமதி ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. கண்புரை ஆபரேஷன் முடிந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மருந்துச் சொட்டு, மறு பகுதிக்கு அதே திரவம், அதே பாட்டில், மருந்து மட்டும் இல்லாத வெறும் சொட்டு. பிறகு ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் ஒரு மெல்லிய ஒளிக்கற்றையை முன்னறைக்குள் விட்டு, அதில் மிதக்கும் செல்களை எண்ணுகிறார்கள். புரதத்தால் ஏற்படும் மங்கலுக்குத் தனி மதிப்பெண். யுவியைட்டிஸ் என்ற கண்ணின் உள்ளழற்சி நோயில் தேர்ந்த நிபுணர்கள் 2005-இல் ஒப்புக்கொண்ட அளவுகோலில் 1 மி.மீ.க்கு 1 மி.மீ. ஒளிச் சதுரத்துக்குள் 1 முதல் 5 செல் என்றால் 0.5, 6 முதல் 15 என்றால் 1, 16 முதல் 25 என்றால் 2, 26 முதல் 50 என்றால் 3, அதற்கு மேல் 4. சொட்டு மருந்து ஆய்வுகள் எல்லாம் இதே அளவுகோலைப் பின்பற்றுவதில்லை. சிலவற்றில் 5 செல் வரை இருந்தாலும் சுத்தம் என்று கணக்கு, சிலவற்றில் ஒரு செல்கூட இருக்கக் கூடாது. ஆகவே ஓர் ஆய்வின் சதவீதத்தை இன்னோர் ஆய்வின் சதவீதத்தோடு பக்கத்தில் வைத்து எது பெரியது என்று பார்ப்பது தவறு. விளம்பரத் தாள்கள் அதைத்தான் செய்கின்றன.

வெறும் சொட்டு போட்டவர்களிலும் கணிசமானவர்களுக்கு இரண்டு வாரத்தில் அழற்சி தானாகவே அடங்கிவிடுகிறது, பலருக்கு முதல் நாளே வலியில்லை. கண் தன்னைத் தானே ஆற்றிக்கொள்கிறது, மருந்து அதை வேகப்படுத்துகிறது. இது மருந்தைக் குறைத்துச் சொல்வது அல்ல. வலியில்லாத முதல் இரண்டு நாள் நோயாளிக்குப் பெரிய விஷயம். ஆனால் வெறும் சொட்டை வெல்வது ஒன்று, நன்றாக வேலை செய்யும் இன்னொரு மருந்தை வெல்வது வேறொன்று. முதல் வகைச் சான்று நிறைய இருக்கிறது, இரண்டாவது வகை குறைவு.

14 நாளில் அழற்சி போய்விட்டதா என்று அளக்கும் ஆய்வு, நோயாளி உண்மையில் கேட்க நினைக்கும் கேள்விக்குப் பதில் தருவதில்லை. மூன்று மாதம் கழித்து என் பார்வை எப்படி இருக்கும் என்பதே அந்தக் கேள்வி. 2015-இல் அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, என்செய்டு சொட்டு பார்வை தேறுவதைத் தொடக்க வாரங்களில் விரைவுபடுத்துகிறது என்று கண்டது. மூன்று மாதமோ அதற்கு மேலோ கழிந்த பின் பார்வையில் நன்மை நிலைக்கிறது என்பதற்கு உயர்தரச் சான்று இல்லை என்றும் சொன்னது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வும் மாக்குலா வீக்கம் குறையக்கூடும் என்று சொல்லி, சான்றின் தரம் தாழ்வு என்ற குறிப்பையும் சேர்த்தது.

அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது ஐரோப்பாவில் பல மையங்களில் நடந்த பிரெமெட் ஆய்வு. 2018-இல் வெளியானது, நீரிழிவு இல்லாத 914 பேர். ஒரு பிரிவுக்குப் புரோம்ஃபெனாக் மட்டும், ஒரு பிரிவுக்கு டெக்ஸாமெத்தசோன் மட்டும், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். மாக்குலா தடித்ததோடு பார்வையும் எதிர்பார்த்தபடி தேறாத நிலை 12 வாரத்துக்குள் வந்தவர்கள் முறையே 3.6%, 5.1%, 1.5%. ஸ்டீராய்டு மட்டும் போட்டவர்களோடு ஒப்பிட்டால் இரண்டையும் சேர்த்தபோது 100 பேரில் மூன்று, நான்கு பேர் தப்பித்தார்கள். திருப்பிப் போட்டால், ஒருவரைக் காப்பாற்ற ஏறத்தாழ 28 பேருக்குக் கூடுதல் சொட்டு போட வேண்டும். சில வாரங்கள் ஒரு சொட்டு கூடுதல் என்ற விலைக்கு இது நல்ல பேரம் என்பது என் கருத்து. ஆனால் "வீக்கத்தை 70% குறைக்கிறது" என்று மட்டும் படித்தால் இந்த அளவு கண்ணுக்குத் தெரியாது. சதவீதத்தின் சதவீதத்தை யாராவது காட்டினால், நூற்றுக்கு எத்தனை பேர் என்று மாற்றிக் கேளுங்கள்.

யாருடைய கண் என்பது இங்கேதான் வருகிறது. பிரிட்டனில் 81,984 கண்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், புதிதாக மாக்குலா வீக்கம் வந்தவர்கள் நீரிழிவு இல்லாதோரில் 1.17%, நீரிழிவு உள்ளோரில் 4.04%. முன்பே யுவியைட்டிஸ் வந்தவர்கள், மாக்குலாவின் மேல் மெல்லிய சவ்வு படர்ந்தவர்கள், விழித்திரைச் சிரை அடைபட்டவர்கள், ஆபரேஷனின்போது லென்ஸின் பின்பை கிழிந்தவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து கூடுதல். ஐரோப்பாவில் நீரிழிவு உள்ளோரின் மாக்குலா வீக்கத்தைத் தடுக்க நெபாஃபெனாக்கை 60 நாள் வரை போட அனுமதி இருப்பது இதனால்தான். பிரெமெட்டின் நீரிழிவுப் பிரிவில் ஆபரேஷன் முடிவில் வெண்விழித் தோலுக்கடியில் 40 மில்லிகிராம் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கு வீக்கம் தடுக்கப்பட்டது, ஆனால் கண்ணழுத்தம் ஏறியது. ஆகவே 'வலுவான மருந்து' என்ற சொல் மட்டும் எனக்கு எதையும் சொல்வதில்லை, யாருக்கு என்பதையும் சேர்த்தால்தான் அர்த்தம்.

ஒரு சொட்டின் பயணம்

பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணின் மேல் இயல்பாக இருக்கும் கண்ணீர் 7 மைக்ரோலிட்டர்தான். கீழ் இமையை இழுத்துப் பிடித்தாலும் உள்ளே தங்கக்கூடியது ஏறத்தாழ 30 மைக்ரோலிட்டர், இமைத்த உடனே அதிலும் பெரும்பகுதி வழிந்துவிடும். மூக்கோரத்துத் துளைகள் வழியாகத் தொண்டைக்கும் ஒரு பங்கு போகிறது. சில சொட்டுகள் தொண்டையில் கசப்பதற்குக் காரணம் அதுதான். முடிவில் கண்ணுக்குள் நுழைவது 5 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டாவது சொட்டு விட்டால் பலன் இரட்டிப்பாகாது, கன்னம்தான் நனையும்.

பாட்டில் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது எங்கே இடிக்கிறது என்று புரியும். 5 மில்லி பாட்டிலில் சுமார் 100 சொட்டு. ஸ்டீராய்டை முதல் வாரம் நாளுக்கு 4 முறை, அடுத்த வாரம் 3, பிறகு 2, பிறகு 1 என்று குறைக்கும் அட்டவணைக்கு 28, 21, 14, 7 என மொத்தம் 70 சொட்டு போதும். ஒவ்வொரு முறையும் இரண்டு சொட்டு விடுபவர் முதல் இரண்டு வாரத்திலேயே 98 சொட்டைத் தீர்த்துவிடுகிறார். மருந்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய நேரத்தில் அது திடீரென்று நிற்கிறது. அடங்கியிருந்த அழற்சி திரும்ப எழுகிறது, சிவப்பும் கூச்சமும் மூன்றாவது வாரத்தில் வந்து நிற்கின்றன. மருந்து சரியில்லை என்று பழி அதன் மேல் விழுகிறது.

என்செய்டு பாட்டிலில் பிரச்சினை நேர்மாறு. 3 மில்லி பாட்டிலில் 60 சொட்டு, நாளுக்கு ஒரு முறை 14 நாள் என்றால் செலவாவது 14. மீதி நிறைய இருக்கிறதே என்று சிலர் தொடர்ந்து போடுகிறார்கள். அது ஏன் ஆபத்து என்பது கீழே வருகிறது.

சொட்டு விடும் முறையில் எத்தனை பேர் தவறுகிறார்கள் என்பதற்கு 2014-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு போதும். கண்புரை ஆபரேஷன் முடிந்த, சொட்டு விட்டுப் பழக்கமில்லாத 54 பேரைக் காணொளியில் பதிவுசெய்து பார்த்தார்கள். 92.6% பேரின் முறையில் ஏதோ ஒரு பிழை. 31.5% பேருக்குச் சொட்டு கண்ணிலேயே விழவில்லை. 57.4% பேர் பாட்டில் முனையைக் கண்ணிலோ இமையிலோ படவிட்டு அசுத்தப்படுத்தினார்கள். 78% பேர் கை கழுவவில்லை. புரோம்ஃபெனாக்கா நெபாஃபெனாக்கா என்ற விவாதத்துக்கு முன்னால் இந்த எண்களை வைத்துப் பாருங்கள்.

சரியான முறை இது. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். பிரெட்னிசோலோன் அசிட்டேட், நெபாஃபெனாக் போன்றவை கலங்கல் மருந்துகள், துகள் அடியில் படியும். நன்றாகக் குலுக்காவிட்டால் தொடக்க நாட்களில் வெறும் தண்ணீருக்குப் பக்கமாகவும் கடைசியில் செறிவாகவும் விழும். டைஃப்ளுபிரெட்னேட் பால்மம் என்பதால் குலுக்கத் தேவையில்லை. பிறகு படுத்துக்கொண்டோ தலையைப் பின்னால் சாய்த்தோ, கீழ் இமையை ஒரு விரலால் கீழே இழுத்து ஒரு சிறு பை போல் ஆக்கி, பாட்டிலை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே பிடித்து, மேலே பார்த்தபடி ஒரே ஒரு சொட்டு. கண்ணை மெதுவாக மூட வேண்டும், இறுக்கவோ படபடவென்று இமைக்கவோ வேண்டாம், இமைப்பு கண்ணீரை வெளியே தள்ளும். மூக்கோரத்து எலும்பின் மேல், கண்ணின் உள்மூலையில் விரலை வைத்து ஒன்றிரண்டு நிமிடம் மெல்ல அழுத்தினால் வடிகால் அடைபடும், மருந்து கண்ணில் தங்கும். ஆபரேஷன் ஆன கண் உருண்டையின் மேல் அழுத்தம் படவே கூடாது. கை நடுங்குபவர்களுக்கு விடுவதற்கு இன்னொருவர் வேண்டும்.

அடுத்த சொட்டுக்கு 5 நிமிட இடைவெளி அவசியம், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். வரிசை: முதலில் தெளிந்த திரவம், அடுத்து கலங்கல், கடைசியில் களிம்பு. ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடலாம், இரட்டிப்பாக வேண்டாம்.

என்ன தவறாகப் போகலாம்

எரிச்சலைப் பலரும் ஒவ்வாமை என்று நினைத்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். கீட்டோரோலாக் 0.5% சொட்டுக்குச் சற்று நேர எரிச்சல் 40% பேர் வரை சொல்லியிருக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் அடங்கினால் அது எரிச்சல். இமை வீங்கி, அரித்து, ஒவ்வொரு சொட்டுக்கும் சிவப்பு கூடினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது. எரிச்சலில் ஒரு பங்கு பென்சல்கோனியம் குளோரைடு என்ற பாதுகாப்புப் பொருளுக்கும் உண்டு. அது கருவிழி மேல்தோலை உரசும் இயல்புடையது. நான்கு வகைச் சொட்டு, ஒவ்வொன்றும் நாளுக்கு நான்கு முறை என்றால் அந்தத் தோலுக்கு 16 முறை இந்தப் பொருள் படுகிறது. கண் வறட்சி உள்ளவர்களுக்குப் பாதுகாப்புப் பொருள் இல்லாத வகையை மருத்துவர்கள் தேடுவது அதனால். 2009-இல் வந்த கீட்டோரோலாக் 0.45% அப்படிப்பட்டது.

என்செய்டின் அரிய, ஆனால் கொடிய விளைவு கருவிழி உருகுதல். 1999-இல் அமெரிக்காவில் டைக்ளோஃபெனாக்கின் ஒரு பொதுப் பெயர் வகையைப் போட்டவர்களிடம் கருவிழி மெலிந்து ஓட்டையாகும் நிகழ்வுகள் அடுத்தடுத்துத் தெரியவந்து, அந்தத் தயாரிப்பு சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. மற்ற என்செய்டுகளிலும் இது பதிவாகியிருக்கிறது. இந்த மருந்துகள் மேல்தோல் ஆறுவதைத் தாமதப்படுத்தும். கருவிழி நரம்புணர்வை மழுக்குவதால் காயம் பெரிதாவது நோயாளிக்கு வலியாகத் தெரியாமலும் போகலாம். முடக்குவாதம், கடுமையான கண் வறட்சி, நீரிழிவு, கருவிழி நரம்பு மரத்த கண், குறுகிய காலத்தில் மீண்டும் மீண்டும் ஆபரேஷன் ஆன கண் ஆகியவற்றில்தான் ஆபத்து குவிகிறது. ஆபரேஷனுக்கு ஒரு நாளுக்கு மேல் முன்னதாகவோ 14 நாளுக்கு அப்பாலோ போட்டால் இந்த ஆபத்தும் அதன் கடுமையும் கூடலாம் என்று மருந்துக் குறிப்பேடுகளிலேயே அச்சிட்டிருக்கிறது. 60 நாள் எழுதித் தரும் மருத்துவர் நடுவில் கருவிழியைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறார். மீதமுள்ள பாட்டிலைத் தாமாகத் தொடர்பவருக்கு அந்தக் காவல் இல்லை. ஆஸ்பிரினால் மூச்சிரைப்பு வருபவர்கள் இந்தச் சொட்டுகள் தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டீராய்டின் ஆபத்து சத்தமில்லாதது. ஸ்டீராய்டு சொட்டை நாளுக்கு நான்கு முறை 4 முதல் 6 வாரம் போட்டுப் பார்த்த 1960-களின் ஆய்வுகளில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண்ணழுத்தம் 6 முதல் 15 மி.மீ. பாதரசம் வரை ஏறியது, 4 முதல் 6 சதவீதம் பேருக்கு அதற்கும் மேல். பெரும்பாலும் முதல் இரண்டு வாரம் அமைதியாக இருந்து, அதன் பிறகு ஏறும். வலிக்காது, பார்வையும் உடனே குறையாது. அளந்தால்தான் தெரியும். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், டைஃப்ளுபிரெட்னேட் ஆகியவற்றில் கூடுதல், லோட்டிபிரெட்னாலில் குறைவு. கிளாக்கோமா (பார்வை நரம்பைக் கெடுக்கும் கண்ணழுத்த நோய்) உள்ளவர்கள், குடும்பத்தில் கிளாக்கோமா உள்ளவர்கள், அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்கள் மூன்றாவது வாரப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. முன்பு கண்ணில் ஹெர்பிஸ் புண் வந்தவர்களுக்கு ஸ்டீராய்டு அதைத் திரும்ப எழுப்பக்கூடும், அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கண்ணாடியை விலக்கும் லேசர் சிகிச்சைகளில் பிஆர்கே வகை மட்டும் தனிக் கதை. அதில் கருவிழி மேல்தோலையே உரித்துவிடுவதால் வலி முதல் மூன்று நாளில் உச்சத்தில் இருக்கும். என்செய்டு சொட்டு அங்கே கைகொடுக்கிறது, ஆனால் தோல் மூடும் வரை சில நாட்களுக்கு மட்டும். வலி தாங்காமல் மரத்துப்போகச் செய்யும் சொட்டைக் கேட்டு வாங்கி வீட்டில் போடுவது கருவிழியை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

சொட்டே இல்லாமல்

நோயாளியின் கையை நம்பாமல் மருந்தை ஆபரேஷன் மேசையிலேயே கொடுத்துவிடலாமே என்பது சமீப ஆண்டுகளின் முயற்சி. 2014-இல் ஃபெனைலெஃப்ரின் 1%, கீட்டோரோலாக் 0.3% கலவை ஆபரேஷனின்போது கண்ணுக்குள் ஓடும் திரவத்தில் கலக்க வந்தது. 2018-இல் இரண்டு டெக்ஸாமெத்தசோன் வடிவங்கள்: கீழ் இமையின் கண்ணீர்த் துளைக்குள் செருகும் 0.4 மில்லிகிராம் குச்சி, 30 நாள் வரை மெல்ல மருந்து விடுவது. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் ஒரே முறை செலுத்தும் 9% கலங்கல். தனியாக வாழும் முதியவர்கள், விரல் மடங்காதவர்கள், மறதி உள்ளவர்கள் ஆகியோருக்கு இது வரம் என்றே நினைக்கிறேன். கண்ணழுத்தம் ஏறினால் சொட்டை நிறுத்திவிடலாம், துளைக்குள் இருக்கும் குச்சியையும் எடுத்துவிடலாம். உள்ளே செலுத்திய கலங்கலைத் திரும்ப எடுப்பது அவ்வளவு எளிதல்ல. யாருக்குக் கொடுப்பது என்று முன்கூட்டித் தேர்வதுதான் இங்கே மருத்துவரின் திறமை.

வலி எப்போது வேறு எதையோ சொல்கிறது

ஆபரேஷன் அன்று மண் உறுத்துவதுபோன்ற உணர்வு, லேசான வலி, கூச்சம் இயல்பு. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி திரும்பக் கூடினாலோ, தெளிந்த பார்வை மங்கினாலோ, சிவப்பு ஏறினாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குள் கிருமித் தொற்று பெரும்பாலும் முதல் வாரத்தையொட்டித் தலைகாட்டும். 1995-இல் வெளியான அமெரிக்கத் தொற்று ஆய்வில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வலியே இல்லை. எனவே வலியில்லை என்பதை வைத்து மங்கலான பார்வையை அலட்சியம் செய்யக் கூடாது. 12 முதல் 48 மணி நேரத்துக்குள் கருவிழி முழுக்க மங்கி வரும் கடும் அழற்சி நச்சுப் பொருளால் வருவதாக இருக்கலாம், அது ஸ்டீராய்டுக்கு அடங்கும். இரண்டையும் பிரித்தறிய ஸ்லிட் லேம்ப் வேண்டும். தொலைபேசியில் கேட்டு ஸ்டீராய்டைக் கூட்டிப் போடுவது, உண்மையில் தொற்றாக இருந்தால், அதற்குச் சில மணி நேர அவகாசம் கொடுப்பதாகும்.

மாக்குலா வீக்கத்துக்கு வலி, சிவப்பு எதுவும் கிடையாது. நன்றாகத் தெரிந்த எழுத்து 4 முதல் 6 வாரத்தில் மெல்ல மங்கும், நேர்கோடு நெளிவாகத் தெரியலாம். சொட்டெல்லாம் முடிந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று பரிசோதனையை விட்டுவிடும் வாரங்களும் அவைதான். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் வாசித்துப் பார்த்தால் வீட்டிலேயே வேறுபாடு தெரியும். விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் கண்ணைத் தொடாமலே சில நிமிடத்தில் உறுதிசெய்துவிடும். வீக்கம் இருந்தால் என்செய்டும் ஸ்டீராய்டும் மீண்டும் சேர்ந்து வரும், இம்முறை வாரங்களாக, சில சமயம் மாதங்களாக, கண்ணழுத்தத்தையும் கருவிழியையும் பார்த்தபடி. பெரும்பாலான கண்களில் சில மாதங்களில் வீக்கம் வடிந்துவிடும். வடியாத சிலருக்கு ஊசி வழி உண்டு.